பழைய சி.என்.சி. லேத்தில் இடம் பிசகிய டரட்டை நேர்ப்படுத்தும் முறை

பயன்படுத்திய சி.என்.சி. லேத் ஒன்றை வாங்கும்போது, டூல்களைச் சுற்றிலும் தாங்கிச் சுழலும் அதன் டரட் ஒருமுறையாவது ஜாபைப் பிடிக்கும் சக்கிலோ, கடையப்படும் ஜாபிலோ மோதியிருக்கும் என்று வைத்துக்கொண்டே அதை ஆராய்வது நல்லது. மோதிய இயந்திரம் உடனே நின்றுவிடுவதில்லை. டர்னிங் டூல்களின் பிசகை எக்ஸ் ஆஃப்செட்டில் (கண்ட்ரோலில் இடும் திருத்த அளவில்) திருத்திக்கொண்டு நெடுநாள் ஓட்ட முடியும்; வெளிவிட்டமும் அளவுக்குள் வந்துகொண்டிருக்கும். ஜாபின் மையத்தில் வேலை செய்யும்போதுதான் குறை வெளிப்படுகிறது. டிரில் போட்ட துளை டிரில்லைவிடப் பெரிதாக வரும், துளையின் வாய் அகன்றிருக்கும், டேப் அடிக்கடி உடையும், முகப்பைக் கடைந்து முடித்த பின்னும் நடுவில் ஒரு சிறு முளை மிஞ்சும்.

இரண்டு அச்சு லேத்தில் டூல் நகரக்கூடிய திசைகள் எக்ஸ் (ஜாபின் விட்டத் திசை), இசட் (ஜாபின் நீளத் திசை) ஆகிய இரண்டு மட்டுமே. இவ்விரண்டுக்கும் செங்குத்தான மூன்றாவது திசையில், அதாவது டூல் முனை ஜாபின் மையத்துக்குச் சமமாக நிற்கிறதா என்று சென்டர் ஹைட் பார்க்கும் திசையில், டரட் 0.1 மி.மீ. விலகியிருந்தால் அதை எந்த ஆஃப்செட்டாலும் ஈடுசெய்ய முடியாது. அந்தத் திசையை இங்கு உயரத் திசை என்றே குறிப்பிடுகிறேன். சாய்ந்த பெட் (அடித்தளம்) கொண்ட இயந்திரத்தில் அது தரைக்குச் செங்குத்தாக இராது, எக்ஸ் ஸ்லைடுக்குச் செங்குத்தாக இருக்கும். அளக்கும்போது பலரும் தடுமாறும் இடம் இது.

டூலின் முனைக்கும் இயந்திரத்தின் பெட்டுக்கும் இடையே பல இணைப்புகள் இருக்கின்றன. டூல் ஹோல்டர் டரட்டின் சுழலும் வட்டான டிஸ்கில் அமர்கிறது, டிஸ்க் கர்விக் கப்ளிங் என்னும் பல்லிணைப்பின் வளையத்தோடு போல்ட்டுகளாலும், இடம் மாறாமல் பிடிக்கும் டவல் பின்களாலும் இணைகிறது, கப்ளிங்கின் பற்கள் ஒன்றோடொன்று கவ்வி டிஸ்கை நிலைநிறுத்துகின்றன, டரட்டின் உடற்பகுதி எக்ஸ் ஸ்லைடின் மேல் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. மோதலில் இவற்றுள் எது நழுவியது என்று தெரியாமல் கைக்கு எட்டிய போல்ட்டைத் தளர்த்தினால், நழுவாத இணைப்பும் கெட்டு, இரண்டு பிசகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடும். எனவே இந்த வேலையில் பெரும்பகுதி அளப்பதும் அளவுகளை ஒப்பிடுவதுமே. ஸ்பேனர் பிடிக்கும் நேரம் மிகக் குறைவு.

அளப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் கண்ட்ரோலில் உள்ள பாராமீட்டர்கள், ஆஃப்செட்டுகள், புரோகிராம்கள் அனைத்தையும் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய இயந்திரங்களில் நினைவகத்தையும் அச்சுகள் நிற்கும் இடத்தை அறியும் அப்சல்யூட் என்கோடர்களின் நிலையையும் காப்பது ஒரு சிறிய பேட்டரிதான். அது வலுவிழந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கையேடு வேறு முறையைச் சொல்லாதவரை, கண்ட்ரோலுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும். டரட் சர்வோ மோட்டாரால் சுழலும் வகையாக இருந்து, அதன் ஆரம்ப நிலை அழிந்துவிட்டால், அளக்கத் தொடங்கும் முன்பே புதிய சிக்கல் ஒன்று வந்து சேரும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சாய்ந்த பெட்டில் டரட்டைக் கீழே சறுக்காமல் தாங்குவது எக்ஸ் அச்சின் பால் ஸ்குரூவும் மோட்டாரின் பிரேக்கும்தான். பிரேக் தேய்ந்திருந்தால் சர்வோ அணைந்த நொடியில் டரட் கீழே சறுக்கும். ஆகவே அதன் அடியில் கைவைக்கும் முன் கனமான மரக்கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டாவதாக, டரட் கிளாம்ப் ஆகி (பற்கள் கவ்வி இறுகி) இருக்கும் நிலையில்தான் அளவெடுக்க முடியும் என்பதால், அளக்கும்போது ஹைட்ராலிக் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் டரட்டைத் திருப்பும் இன்டெக்ஸ் பட்டனை வேறொருவர் அழுத்திவிடாதபடி, கண்ட்ரோல் பலகையும் அளவு காட்டும் டயலும் ஒரே ஆளின் பொறுப்பில் இருக்க வேண்டும். பிரித்துக் கழற்றும் வேலை வந்தால் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, எண்ணெயின் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் அக்குமுலேட்டர் இருந்தால் அதில் எஞ்சிய அழுத்தத்தையும் வடித்துவிட வேண்டும்.

அடுத்து, டிஸ்கில் உள்ள எல்லா ஹோல்டர்களையும் கழற்றிப் பார்க்க வேண்டும். முந்தைய ஆபரேட்டர்கள் டூலின் அடியில் செருகிய தகட்டுத் துண்டுகள், டூல் அமரும் பள்ளங்களான பாக்கெட்டுகள் பலவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லா டர்னிங் டூல்களின் அடியிலும் ஏறத்தாழ ஒரே தடிமனில் தகடு இருந்தால், டரட் முழுவதுமே அந்த அளவுக்குப் பிசகியிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அந்தத் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து குறித்துவைத்தால், பின்னர் டயல் காட்டும் அளவோடு ஒப்பிடலாம். தகடுகளை நீக்கி, பாக்கெட்டுகளின் இருப்பிடங்களைத் துடைத்து, ஓரங்களில் எழும்பி நிற்கும் பிசிறுகளை எண்ணெய்க் கல்லால் லேசாகத் தேய்த்துவிட வேண்டும்.

பெட் மட்டத்தில் இருக்கிறதா என்பதை மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவலால் பார்த்துத் திருத்த வேண்டும். இடம் மாற்றி நிறுவிய இயந்திரத்தில் பெட் முறுக்கிக்கொண்டிருப்பது வழக்கம். அந்த முறுக்கு அப்படியே டரட்டின் பிசகாகத் தோன்றும். பிறகு, சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக். மோதலில் டரட் மட்டும்தான் நகர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சுமார் 50 மி.மீ. விட்டமுள்ள கம்பியைச் சக்கில் பிடித்து, 150 மி.மீ. வெளியே நீட்டி, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் கொடுக்காமல், இரு முனைகளிலும் ஒவ்வொரு பட்டையை மட்டும் கூரான இன்சர்ட்டால் (மாற்றக்கூடிய வெட்டுமுனையால்) மிக மெல்லிய வெட்டில் கடைந்து, இரு விட்டங்களையும் ஒப்பிட வேண்டும். இந்தச் சோதனையின் சிறப்பு என்னவென்றால், டரட் எப்படித் திரும்பியிருந்தாலும் ஒரே டூல் முனையே இரு பட்டைகளையும் கடைவதால், விட்டத்தில் வரும் வேறுபாடு ஹெட்ஸ்டாக்குக்கும் இசட் ஸ்லைடுக்கும் இடையிலுள்ள கோணத்தையே காட்டுகிறது. வேறுபாடு பெரிதாக இருந்தால் ஹெட்ஸ்டாக்கை முதலில் சரிசெய்ய வேண்டும், ஏனெனில் நாம் எடுக்கப்போகும் எல்லா அளவுகளுக்கும் ஸ்பிண்டிலின் மையக்கோடே அடிப்படை.

எக்ஸ் ஸ்லைடின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிப் தளர்ந்திருந்தால் எந்த அளவும் இருமுறை ஒன்றுபோல் வராது. டரட்டின் மேல் டயலை வைத்து, மரக் கட்டையால் நெம்பி விட்டு, முள் பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்வது போதும்.

நான்கு அளவுகள்

தேவையான கருவிகள் சிலவே: 0.002 மி.மீ. பிரிவுள்ள லீவர் டயல், குட்டையான உறுதியான கையுள்ள மேக்னட் ஸ்டாண்ட், துளை வேலை டூல்களைப் பிடிக்கும் போரிங் ஹோல்டரின் துளையில் இறுக்கமாக அமரும் கிரைண்ட் செய்த டெஸ்ட் பார், துல்லியமான மூலைமட்டம், போல்ட்டின் இறுக்கத்தை (டார்க்கை) அளக்கும் டார்க் ரெஞ்ச். இயந்திரத்தை அரைமணி நேரமாவது வெறுமனே ஓட்டிச் சூடேற்றிய பிறகே அளக்கத் தொடங்க வேண்டும்.

முதல் அளவு, டரட் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நிற்கிறதா என்பது. டெஸ்ட் பாரின் மேல் டயலை வைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, இசட் அச்சில் விலகி, டரட்டை ஒரு சுற்று இன்டெக்ஸ் செய்து, அதே ஸ்டேஷனுக்கு (டிஸ்கின் டூல் இருக்கைக்கு) வந்து மீண்டும் அதே புள்ளியைத் தொட வேண்டும். இதைப் பலமுறை செய்தாலும் வேறுபாடு சில மைக்ரான்களுக்குள் இருக்க வேண்டும். முள் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் மேற்கொண்டு அளப்பதில் பயனில்லை. கப்ளிங்கின் பற்களுக்கிடையே சில்லு சிக்கியிருக்கலாம், பல் உடைந்திருக்கலாம், கிளாம்ப் அழுத்தம் கையேட்டில் சொன்னதைவிடக் குறைந்திருக்கலாம். சில்லை வெளியேற்றக் காற்றடிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. காற்று அதை சீலுக்குள் தள்ளிவிடும். துணி, கரைப்பான், சிறு காந்தம் ஆகியவற்றால் பொறுமையாக எடுப்பதே முறை.

இரண்டாவது அளவு, எக்ஸ் ஓட்டத்துக்கு டிஸ்கின் பாக்கெட் இணையாக இருக்கிறதா என்பது. டயலைச் சக்கில் அசையாமல் நிறுத்தி, டர்னிங் டூல் அமரும் பாக்கெட்டின் ஆரத் திசையில் ஓடும் பக்கத்தைத் தொடவைத்து, ஹேண்ட்வீலால் எக்ஸ் அச்சை நகர்த்த வேண்டும். முள் அசையக் கூடாது, 100 மி.மீ.க்கு 0.01 மி.மீ. என்பது நல்ல நிலை. பாக்கெட் இல்லாமல் தட்டையான பட்டைகள் மட்டுமே உள்ள டரட்டில், மூலைமட்டத்தின் அடியைப் பட்டையில் பொருத்தி, அதன் மற்றொரு கையின் மேல் டயலை ஓட்டலாம்.

மூன்றாவது அளவு, போரிங் ஹோல்டரின் துளை ஸ்பிண்டிலின் மையத்தில் இருக்கிறதா என்பது. டயலை ஸ்பிண்டிலில் பொருத்தி, ஹோல்டரின் துளைக்குள் முனையைத் தொடவைத்து, ஸ்பிண்டிலைக் கையால் சுற்ற வேண்டும். எக்ஸ் திசையில் எதிரெதிரான இரண்டு அளவுகள், உயரத் திசையில் எதிரெதிரான இரண்டு அளவுகள் என நான்கைக் குறிக்க வேண்டும். எக்ஸ் திசை வேறுபாட்டை அச்சை நகர்த்தியே பூஜ்யமாக்கிவிடலாம். உயரத் திசையில் மிஞ்சுவதே உண்மையான பிசகு. முள் காட்டும் மொத்த வேறுபாட்டில் பாதிதான் மையம் விலகிய அளவு என்பதையும் மறக்கக் கூடாது. 0.2 என்று முள் காட்டினால் விலகல் 0.1 மி.மீ.

இந்த மூன்றாவது அளவில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்பிண்டிலோடு சுற்றும் ஸ்டாண்டின் கை, தன் எடையாலேயே கீழ்நோக்கித் தொய்யும். நீண்ட கையில் இது சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை எட்டி, இல்லாத பிசகை இருப்பதுபோல் காட்டும். தொய்வை அறிய, அதே ஸ்டாண்டை அதே நீளத்தில் ஒரு தடித்த குழாயின் மேல் கட்டி, டயலின் முனையையும் அந்தக் குழாயின் மேலேயே பதித்து, குழாயோடு சேர்த்து மேலிருந்து கீழாக அரைச்சுற்று திருப்ப வேண்டும். அப்போது முள் நகரும் அளவு முழுவதும் தொய்வுக்கே உரியது. அதைக் குறித்து வைத்துக் கழித்துக்கொள்ள வேண்டும். சாய்ந்த பெட்டில் உயரத் திசை சரிந்திருப்பதால் தொய்வு எக்ஸ் அளவிலும் ஒரு பங்கு கலக்கும்; ஆதலால் கழிப்பதைவிடக் கையை முடிந்தவரை குட்டையாக்கித் தொய்வையே ஒழிப்பது மேல்.

நான்காவது அளவு சாய்வு. போரிங் ஹோல்டரில் டெஸ்ட் பாரைப் பொருத்தி, டயலைச் சக்கில் நிறுத்தி, இசட் அச்சை 150 மி.மீ. நகர்த்திப் பாரின் பக்கத்திலும் மேலும் முள்ளின் போக்கைப் பார்க்க வேண்டும். டிஸ்கின் முகப்பைத் தொட்டு எக்ஸ் அச்சை நகர்த்துவதும் உதவும். பாரின் பக்கத்தில் கண்ட சாய்வும் முகப்பில் கண்ட சாய்வும் ஒத்துப்போனால், ஹோல்டரில் குறையில்லை, டரட்டே திரும்பியிருக்கிறது என்று உறுதியாகும்.

அளவுகளைப் படித்தல்

இந்த அளவுகளை ஒரு ஸ்டேஷனில் மட்டும் எடுத்து நிறுத்திவிடக் கூடாது. ஒரே ஹோல்டரை எல்லா ஸ்டேஷன்களிலும் மாற்றி மாற்றிப் பொருத்தி உயர விலகலை எழுதிவைத்தால், அந்தப் பட்டியலே எந்த இணைப்பு நழுவியது என்பதைச் சொல்லிவிடும்.

ஒரே ஒரு ஸ்டேஷன் மட்டும் விலகியிருந்தால் அந்தப் பாக்கெட் அடிபட்டிருக்கிறது. டரட்டைத் தொடவே வேண்டாம். எதிரெதிர் ஸ்டேஷன்களில் விலகல் எதிரெதிர்க் குறியோடு வந்து, இடைப்பட்ட ஸ்டேஷன்களில் படிப்படியாக மாறினால், டிஸ்க் கப்ளிங்கின் மையத்திலிருந்து பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. எல்லா ஸ்டேஷன்களிலும் ஒரே அளவு, ஒரே குறி என்றால், டிஸ்க் சற்றே சுழன்றிருக்கலாம், அல்லது டரட்டின் உடற்பகுதி ஸ்லைடின் மேல் நகர்ந்திருக்கலாம். விலகல் மில்லிமீட்டரில் அல்லாமல் கண்ணுக்கே தெரியும் கோணமாக இருந்தால் அது கப்ளிங்கில் ஒரு பல் தள்ளிக் கவ்வியதன் அடையாளம். 72 பற்கள் உள்ள கப்ளிங்கில் ஒரு பல் என்பது 5 பாகை. இதற்கு மருந்து போல்ட்டில் இல்லை, டரட்டின் ஆரம்ப நிலையை மீண்டும் பதிவதில் இருக்கிறது.

எல்லா ஸ்டேஷன்களும் ஒன்றுபோல் விலகியிருக்கும் நிலையில், சுழற்சியா நகர்வா என்பதை ஒரு சிறு கணக்கு பிரித்துக் காட்டும். பாக்கெட்டின் பக்கத்தில் 60 மி.மீ. ஓட்டத்துக்கு முள் 0.03 மி.மீ. நகர்ந்தது என்று கொள்வோம். கோணம் 0.03-ஐ 60-ஆல் வகுத்தால் வரும் 0.0005 ரேடியன். டரட்டின் மையத்திலிருந்து போரிங் துளையின் மையம் 200 மி.மீ. தொலைவில் இருந்தால், இந்தச் சுழற்சி மட்டும் 200-ஐ 0.0005-ஆல் பெருக்கிய 0.1 மி.மீ. உயர விலகலைத் தர வேண்டும். மூன்றாவது அளவிலும் அதே திசையில் 0.1 மி.மீ. கிடைத்தால் பிசகு முழுவதும் சுழற்சியே. பாக்கெட் எக்ஸ் ஓட்டத்துக்கு இணையாக இருந்தும் உயரம் விலகியிருந்தால், உடற்பகுதி சுழலாமல் நகர்ந்திருக்கிறது. இரண்டும் கலந்திருந்தால் கணக்கில் ஒத்துவராமல் மிஞ்சுவது நகர்வின் பங்கு. சுழன்றது டிஸ்க்கா, முழு உடற்பகுதியா என்பதற்கு டவல் பின்களே விடை சொல்லும். பிதுங்கிய, வெட்டுண்ட, அல்லது முன்பே கழற்றி வீசப்பட்ட டவல் பின் எந்த இணைப்புக்கு உரியதோ, அந்த இணைப்பே நழுவியது.

நேர்ப்படுத்துதல்

டிஸ்க் சுழன்றிருக்கும் நிலைதான் மோதல்களில் அதிகம் காணப்படுவது என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். டவல் பின்களைக் கழற்றிவிட வேண்டும். டரட் ஹைட்ராலிக்கால் கிளாம்ப் ஆகியிருக்கும்போதே டிஸ்கின் போல்ட்டுகளைக் குறுக்காக ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்தி, பிறகு எல்லாவற்றையும் கைவலுவுக்குச் சற்று மேலாக இறுக்கிவைக்க வேண்டும். தட்டினால் நகர வேண்டும், தானாகச் சரியக் கூடாது. அதுவே சரியான இறுக்கம். முழுமையாகத் தளர்த்தினால் டிஸ்க் தன் எடையால் தொங்கி, இருந்த மையமும் போய்விடும்.

பாக்கெட்டின் பக்கத்தில் ஒரு டயலும் டிஸ்கின் விளிம்பில் மற்றொரு டயலுமாக வைத்துக்கொண்டால், எவ்வளவு நகர்ந்தது என்பதை விளிம்பிலும், எவ்வளவு நேரானது என்பதைப் பாக்கெட்டிலும் காணலாம். விளிம்பில் பித்தளைக் கம்பியை வைத்து மென்சுத்தியலால் தட்டலாம். ஆனால் பெட்டுக்கும் டிஸ்குக்கும் இடையே சிறிய ஸ்குரூ ஜாக்கை வைத்து நெம்புவதே என் விருப்பம், ஏனெனில் அதில் நகர்வு சிறிது சிறிதாக, கைக்கட்டுப்பாட்டில் நிகழ்கிறது. சிலர் சக்குக்கும் டிஸ்குக்கும் நடுவே மரக்கட்டையைக் கொடுத்து எக்ஸ் அச்சின் மோட்டாராலேயே தள்ளுவதுண்டு. பால் ஸ்குரூவையும் அதன் பேரிங்குகளையும் பாழாக்கும் அந்த வழியை அறவே தவிர்க்க வேண்டும்.

முள் நேராக வந்ததும் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில், கையேட்டில் உள்ள டார்க்கின் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, முழு அளவு என மூன்று சுற்றுகளில் இறுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் டயலைப் பார்க்க வேண்டும். இறுக்கும்போது டிஸ்க் 0.01 முதல் 0.02 மி.மீ. வரை ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது இயல்பு. அது எந்தப் பக்கம் போகிறது என்பதை முதல் முயற்சியில் கவனித்து, அடுத்த முயற்சியில் அவ்வளவை எதிர்ப்பக்கம் முன்கூட்டியே விட்டு இறுக்கினால் சரியான இடத்தில் வந்து நிற்கும்.

பின்னர் எல்லா ஸ்டேஷன்களையும் மீண்டும் அளக்க வேண்டும். அளவெடுத்த ஸ்டேஷன் சுத்தமாகப் பூஜ்யத்தில் நின்று, மற்றவை எல்லாம் ஒரே பக்கம் 0.02 மி.மீ. விலகியிருந்தால் அது நல்ல வேலை ஆகாது. விலகல்களின் சராசரி பூஜ்யத்துக்கு வருமாறு டிஸ்கை மீண்டும் சற்று நகர்த்த வேண்டும். டிரில்களும் போரிங் பார்களும் வழக்கமாக அமரும் ஸ்டேஷன்களுக்குக் கூடுதல் முன்னுரிமை தரலாம். உயர விலகல் 0.02 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலான துளை வேலைகளுக்குப் போதும்.

உடற்பகுதி நழுவியிருந்தாலும் முறை இதுவே, ஆனால் எடை பல மடங்கு. பெல்ட்டும் ஹாய்ஸ்ட்டும் இல்லாமல் அந்தப் போல்ட்டுகளைத் தொடக் கூடாது. சாய்வு இருப்பதாக நான்காவது அளவு காட்டியிருந்தால், தகடு வைக்கும் எண்ணத்துக்கு முன் உடற்பகுதியைத் தூக்கி அடிப்பரப்பைப் பார்க்க வேண்டும். மோதலின் இழுப்பில் போல்ட் துளைகளைச் சுற்றி உலோகம் வளையமாக எழும்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரல்நுனி உணரும். அந்த வளையத்தை எண்ணெய்க் கல்லால் தேய்த்துச் சமப்படுத்தி, படியும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம் தடவி இரு பரப்புகளும் சீராகப் படிகின்றனவா என்று பார்த்தால், பல இயந்திரங்களில் சாய்வு அதோடு மறைந்துவிடும். அதற்குப் பிறகும் மிஞ்சும் சாய்வைச் சுரண்டித் திருத்துவதே முறையான வழி. ஒரு மூலையில் மட்டும் செருகிய தகடு, கனமான வெட்டு எடுக்கும்போது அதிர்வைக் கொண்டுவரும்.

டவல் பின்களும் சோதனை வெட்டும்

இடம் மாறிய டிஸ்கில் பழைய டவல் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக இரா. பழைய பின்னை அடித்துச் செருகினால் டிஸ்க் மீண்டும் பழைய பிசகுக்கே போய்விடும். இரு துண்டுகளையும் சேர்த்து அடுத்த அளவுக்கு ரீமர் போட்டு (துளையைத் துல்லியமாகப் பெரிதாக்கி), புதிய டவல் பின்னைச் செருக வேண்டும். கப்ளிங் வளையம் கடினப்படுத்தப்பட்டதாக இருந்து ரீமர் ஏறாவிட்டால், துளைகளின் விலகலுக்கு ஏற்ப இரு பாதிகளின் மையங்களும் ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் டவல் பின் ஒன்றைக் கடைந்து போடலாம்.

சர்வோ டரட்டில் மேலும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அன்கிளாம்ப் ஆன நிலையில் மோட்டார் டிஸ்கை நிறுத்தும் கோணம், பற்கள் கவ்வும் கோணத்தின் நடுவில் இருக்க வேண்டும். விலகியிருந்தால் கிளாம்ப் ஆகும்போது கப்ளிங் ஒரு பக்கமும் மோட்டார் மறுபக்கமுமாக இழுத்து, மோட்டார் முனகிச் சூடேறும், ஓவர்லோடு அலாரம் வரும், பற்களும் தேயும். கிளாம்ப் ஆகும் தருணத்தில் சர்வோவின் லோடு மீட்டரைப் பார்த்து, ஆரம்ப நிலைப் பாராமீட்டரைக் கையேட்டின்படி திருத்த வேண்டும். எல்லா டூல்களின் எக்ஸ் ஆஃப்செட்டும் மாறியிருக்கும் என்பதால் அவற்றைப் புதிதாக எடுக்காமல் புரோகிராம் எதையும் ஓட்டக் கூடாது. அடுத்த மோதல் அங்கேதான் காத்திருக்கிறது.

சோதனைக்கு ஒரு கம்பியின் முகப்பைக் கடைந்து பார்க்கலாம். இன்சர்ட்டின் முனை ஆரம் 0.8 மி.மீ. என்றால் விட்டக் கணக்கில் எக்ஸ் மைனஸ் 1.6 வரை செல்ல வேண்டும். அதற்கு முன் நின்றால் வரும் முளை டரட்டின் குறையன்று. அவ்வளவு சென்றும் முளை மிஞ்சினால், அதன் விட்டத்தில் பாதியே டூலின் உயர விலகல். அடுத்ததாக ஒரு டிரில்லை ஓட்டி, துளையின் வாயையும் அடியையும் அளந்து ஒப்பிட வேண்டும். இவை சரியாக வந்த பின், ஸ்டேஷன் வாரியான விலகல்களை ஒரு தாளில் எழுதி மின்பெட்டியின் கதவுக்குள் ஒட்டிவைத்து, ஒரு வாரம் உற்பத்தி ஓடிய பிறகு போல்ட்டுகளின் டார்க்கையும் பாக்கெட்டின் நேரையும் மறுபடி ஒருமுறை பார்த்து, அந்தத் தாளோடு ஒப்பிட வேண்டும்.